அவள் முற்றத்தில் என் லில்லிகள்

செருப்பைக் கழற்ற வேண்டாம் மேடம், அப்படியே வாருங்கள். இந்த வீட்டில் சேறு பார்க்காத மூலை ஒன்றுகூட மிச்சமில்லை. உட்காருங்கள். காப்பி குடித்துவிட்டுத் தோட்டம் பார்க்கலாம். தோட்டம் என்று சொல்ல ஏதாவது இருந்தால்.

உங்கள் கையில் இருக்கிற தாளில் என் பெயர் இருக்கிறதா? ஜெசிந்தா செபஸ்தியான், மேல் எஸ்டேட். இருக்கிறதல்லவா. அதற்கு அடுத்த பெயர்? நீங்கள் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். அடைக்கலமேரி, கீழ் எஸ்டேட். என் கொழுந்தன் பெண்டாட்டி. இங்கே முடித்துவிட்டு அங்கேதான் போவீர்கள். அவள் முற்றத்தில் நாற்பது ஐம்பது ஆரம் லில்லி வெள்ளை வெளேரென்று நிற்கும். ஆகா என்பீர்கள். பத்துக்கு ஒன்பதரை போடுவீர்கள். போன வருடம் கிளப்பிலிருந்து வந்த நடுவர் வெறும் டேலியாவுக்கே ஒன்பதரை போட்டுவிட்டுப் போனார். ஐந்து வருடமாகச் சுழற்கோப்பை என்று பெயர், அது எங்கே சுழல்கிறது? அவள் வீட்டு அலமாரியில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

அதனால்தான் முதலில் என் வாயால் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த லில்லி என்னுடையது. ஒவ்வொரு கிழங்கும் என்னுடையது. அவள் திருடினாள் என்று சொல்லவில்லை. திருடியிருந்தால் போலீஸுக்குப் போயிருப்பேன், சுலபமாக முடிந்திருக்கும்.

சர்க்கரை போதுமா? சரி.

வரும் வழியில் ஒரு பெரிய பள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எங்கள் டேம். டேம் என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி சிமென்ட், இரும்புக் கதவு எதுவும் கிடையாது. ஓடைக்குக் குறுக்கே என் மாமனார் அந்தக் காலத்தில் மண்ணைக் கொட்டி, மிதிக்க வைத்துக் கட்டிய கரை. இருபதடி உயரம். மாசியில் காப்பிச்செடி மொட்டு விடும்போது பூ மழை பொய்த்துவிட்டால் அந்தத் தண்ணீரைத்தான் பீய்ச்சி அடிப்போம். எங்கள் சொந்த டேம், சர்க்காருக்குச் சம்பந்தமில்லை. பாகம் பிரித்தபோது மேலே இருக்கிற நிலமும் டேமும் மூத்தவரான என் வீட்டுக்காரருக்கு, கீழே இருக்கிற நிலமும் பழைய வீடும் இளையவருக்கு. இளையவர் போய் நாலு வருடம் ஆகிறது, பாவம், நல்ல மனிதர். அவள் தனியாகத்தான் எஸ்டேட்டைப் பார்க்கிறாள். பார்க்கிறாள் என்ன, செடி கவாத்து பண்ணுவதற்கு என் வீட்டுக்காரரே அவளிடம் போய்க் கேட்டுவிட்டு வருகிறார். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள். நான் கான்வென்ட்டில் சிஸ்டர் குளோத்தில்டிடம் பாட்டனி படித்தவள். என்னிடம் ஒரு நாள் கேட்டாரா? கேட்கவில்லை.

நான் இந்த பங்களாவைக் கட்டி முடித்து ஃபாதர் வந்து மந்திரித்தது ஆறு வருடத்துக்கு முன்னால். முன்னூறு பேர் வந்தார்கள். அவள் வரவில்லை. ஏன் தெரியுமா? நான் தட்டோடு போய் அழைக்கவில்லையாம். அழகான கார்டு அச்சடித்து, தங்க நூல் கட்டி, டிரைவரிடம் கொடுத்து அனுப்பினேன். கார்டு கொடுத்தால் அது அழைப்புதானே மேடம்? வெற்றிலை பாக்கோடு வாசலில் போய் நின்று ‘வா’ என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் அழைப்பா? அப்படித்தானாம். அன்றைக்கு இங்கே பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் என் காது படவே, ‘அடைக்கலத்தக் காணோமே’ என்றார்கள். என் வீட்டு விசேஷத்தில் வராதவளைப் பற்றித்தான் பேச்சு. அதிலிருந்து அவள் இந்தப் படியை மிதித்ததில்லை. நானும் கூப்பிடவில்லை.

சரி, லில்லிக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தவக்காலம். நல்ல வெயில். எல்லார் தோட்டமும் காய்ந்து கிடந்தது. காலையில் டேம் கரைக்கு அடியில் நடந்துகொண்டிருந்தேன், காலில் ஜில்லென்று ஈரம். குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தால் கரையின் அடிவாரத்திலிருந்து தண்ணீர், விரல் தடிமனுக்கு, கண்ணாடி மாதிரி வந்துகொண்டிருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஊற்று! கான்வென்ட்டில் லூர்து மாதா கதையை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், கையால் மண்ணைத் தோண்டியதும் ஊற்று வந்த கதை. எனக்கும் வந்துவிட்டதே என்று அங்கேயே முழங்காலில் நின்றேன். ஒரே மாதத்தில் கல் அடுக்கிக் குகை மாதிரி ஒரு கெபி கட்டினேன், மாதா சுரூபம் வைத்தேன், சுற்றிலும் ஆரம் லில்லி நட்டேன். கொடைக்கானலில் என் தோழி கொடுத்த ஏழு கிழங்கு. ஏழு ஐம்பதானது. இலை ஒவ்வொன்றும் முறம் முறமாக. தண்ணீரே விட வேண்டாம், ஊற்று பார்த்துக்கொண்டது. லயன் வீடுகளில் இருக்கிற எஸ்டேட் ஜனங்கள் காய்ச்சலுக்கு அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சேதி கீழே போகாமல் இருக்குமா? நம் கங்காணி சவரிமுத்து இருக்கிறாரே, இரண்டு எஸ்டேட்டுக்கும் ஆள் கூட்டி வருகிறவர், அவர் போய்ச் சொல்லியிருக்கிறார். அவள் திருப்பிச் சொல்லி அனுப்பினாள்: “அது ஊத்து இல்லைன்னு அக்காகிட்ட சொல்லுங்க. கரை அழுவுது.”

கரை அழுகிறதாம்! எவ்வளவு பொறாமை இருந்தால் ஒருத்தி மாதா கொடுத்த தண்ணீரைப் பார்த்து அழுகை என்பாள்? அவள் கிணறு அந்த வருடம் வற்றிக் கிடந்தது, அதுதான் விஷயம். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். அப்புறம், “மழைக்கு முன்னால யாரையாவது கூட்டிவந்து காட்டலாமா ஜெசி?” என்றார். “யாரை? பிஷப்பையா?” என்று கேட்டேன். அதோடு விட்டுவிட்டார்.

அவள் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. ஒரு ஞானஸ்நான வீட்டில் பார்த்தபோது, “மேல வீட்டு வராந்தாவுல நின்னா டேம் தண்ணி தெரியாதாமேக்கா?” என்றாள். சாதாரணமாகக் கேட்ட மாதிரி. எனக்குத் தெரியாதா அது எந்த ஊசி என்று! வராந்தாவிலிருந்து பார்த்தால் கரையின் மண்தான் தெரியும், தண்ணீர் தெரியாது, உண்மைதான். அடுத்த வாரமே ஆள் விட்டுக் கலிங்கில் மணல் மூட்டை அடுக்கச் சொன்னேன். கலிங்கு என்றால் டேம் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து போக ஒரு பக்கம் தணிவாக விட்டிருக்கிற வாய். அதை நாற்பது மூட்டையால் அடைத்ததும் தண்ணீர் இரண்டடி ஏறியது. வராந்தாவிலிருந்து பார்த்தால் சுவிட்சர்லாந்து.

ஏன் மேடம் அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்தப் பெண்ணும் அப்படித்தான் பார்த்தாள். மதிவதனி. சர்க்கார் பொறியாளர். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். போன நவம்பர் மாதம், ஐந்து நாளாக விடாத மழை, அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு முழங்கால் வரைக்கும் சேறோடு இதே வாசலில் வந்து நின்றாள். ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டதாம், இரண்டு மைல் நடந்தே வந்தாளாம். என் வீட்டுக்காரர் அப்போதுதான் வத்தலகுண்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

“மேடம், உங்க டேம் சேஃப்டி பத்தி ஒரு கடிதம் வந்திருக்கு. கரையைப் பார்க்கணும்.”

யார் எழுதியது என்று நான் கேட்கக்கூட இல்லை. “கீழ இருக்காளே, அவதானே? வாம்மா, உட்காரு, அவ யாருன்னு நான் சொல்றேன்” என்று உட்கார வைத்து, இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். நல்ல பெண், மேனர்ஸ் தெரிந்தவள், குறுக்கே பேசவில்லை. ஆனால் ‘கரை அழுவுது’ என்ற இடத்தில் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“எவ்வளவு நாளா வருது மேடம், அந்தத் தண்ணி?”

“ரெண்டு வருஷமா. மாதா கிருபை.”

“தெளிவா வருதா? கலங்கலா வருதா?”

“கண்ணாடி மாதிரி வரும். நீயே பாரு.” உள்ளே திரும்பி, “பஞ்சவர்ணம், ஊத்துத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வா” என்று குரல் கொடுத்தேன். பஞ்சவர்ணம் என்னிடம் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். வீடு லயனில், கரைக்கு நேர் கீழே. தினமும் காலையில் வரும்போது எனக்கு ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வருவாள்.

கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நம் காப்பி நிறம் மேடம். பால் ஊற்றிய காப்பி.

“மழைத் தண்ணி கலந்திருக்கும்” என்றேன் நான்.

அந்தப் பெண் பாட்டிலைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டிலின் அடியில் மண் ஒரு விரல்கடை உயரம் படிந்தது. “இது மழை இல்ல மேடம். கரைக்குள்ள இருக்கிற மண்ணு. தெளிஞ்ச தண்ணி வந்தவரைக்கும் பயம் இல்ல. இப்போ உள்ளேர்ந்து அரிச்சுக்கிட்டு வருது. மதகைத் திறந்து தண்ணியை இறக்கணும். கலிங்கை அடைச்ச மூட்டையை எடுக்கணும். லயன்ல எத்தனை வீடு?”

“பதினொன்னு” என்றாள் பஞ்சவர்ணம். கேட்டது என்னிடம்.

நான் பொய் சொல்லப் போவதில்லை மேடம். எனக்கு அப்போது லில்லிதான் ஞாபகம். தண்ணீரை இறக்கினால் ஊற்று நின்றுவிடும். ஊற்று நின்றால் லில்லி வாடும். இந்த வருடம் கோப்பை என்னுடையது என்று மூன்று பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். “அவ எழுதின லெட்டரை நம்பி என் டேமைத் திறக்கணுமா? லெட்டரைக் காட்டு” என்றேன்.

பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். படிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘ழ’வுக்குக் கீழே ஒரு நீண்ட வாலை இழுத்து, அடுத்த வரியை வெட்டுகிற மாதிரி எழுத ஒரே ஒருவரால்தான் முடியும். இருபத்தெட்டு வருடமாக அந்த வாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐயா, எங்கள் டேம் கரையைத் தயவுசெய்து வந்து பார்க்கவும், என் மனைவியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இப்படிக்கு, ம. செபஸ்தியான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவளுக்காக எழுதியிருக்கிறார்! அவள் வீடு முழுகிவிடும் என்று எழுதியிருக்கிறார்! பதினொரு வீடு, நாற்பத்து மூன்று பேர் என்றும் எழுதியிருந்தார், அதெல்லாம் சும்மா சேர்த்துக்கொண்டது. “மதகு திறக்கிற சக்கரம் இங்க இல்ல. அவர் வந்தாத்தான்” என்றேன்.

சக்கரம் எங்கே இருந்தது என்று கேளுங்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால். பஞ்சவர்ணம் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போனாள். பதினெட்டு வருடத்தில் கேட்காமல் ஒரு கரண்டி எடுத்தவள் இல்லை. அந்தக் கனத்த இரும்புச் சக்கரத்தை இடுப்பில் பிள்ளையை வைத்த மாதிரி வைத்துக்கொண்டு வந்து, “வாங்கம்மா, எனக்கு வழி தெரியும்” என்று அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். நான் இங்கே நாற்காலியில். பாட்டிலும் நானும். தண்ணீர் மேலே தெளிந்துகொண்டே வந்தது, கீழே மண் ஏறிக்கொண்டே வந்தது. பாட்டனி படித்தவளுக்கு அது புரியாதா? புரிந்தது. எழுந்து போய் நானேதான் எஸ்டேட் சங்கை ஊதச் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், சங்கு ஊதச் சொன்னது நான்.

பதினொரு மணிக்கெல்லாம் ஜனங்கள் மேலே ஏறி வர ஆரம்பித்தார்கள். கோழி, மிக்ஸி, பள்ளிக்கூடப் பை, ஒருவர் தலையில் டி.வி. எல்லாரும் இந்த வராந்தாவில். சவரிமுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, “லயன் மொத்தமும் வந்தாச்சும்மா. கீழ எஸ்டேட் அம்மாதான் வரல” என்றார்.

“ஏன்? காலில்லையா?”

அவர் தயங்கினார். “அழைக்காத வீட்டுல எப்படிக் கால வைக்கிறதுங்கறாங்க. மாட்டுக் கொட்டாய் மேட்டுல நின்னுக்கறேன்னுட்டாங்க.”

மதகைத் திறந்துவிட்டு நனைந்த கோழி மாதிரி வந்து நின்ற மதிவதனி அதைக் கேட்டாள். “அந்த மேடு ஓடை வளைவுல இருக்கு. கரை போனா முதல்ல போறது அதுதான்” என்று சொல்லி, அவள் போன் எண்ணைச் சவரிமுத்துவிடம் கேட்டு அழுத்தி, போனை என் கையில் திணித்தாள்.

வராந்தா முழுக்க என்னையே பார்க்கிறது மேடம். நாற்பத்து மூன்று பேர்.

“ஹலோ, யாரு?” என்றாள் அவள்.

யாரு! நான் அவள் எண்ணை வைத்திருக்கிறேன். அது அந்தப் பெண்ணின் போன்தான், இருந்தாலும் குரல் தெரிய வேண்டாமா?

“நான்தான்.”

போனுக்குள்ளும் மழைச் சத்தம்.

“வா” என்றேன்.

“என்னக்கா?”

“காது கேக்கலையா? வாங்கறேன்ல! மேட்டுல நின்னு யாருக்குடி வேடிக்கை காட்டுற? வந்து தொலை!”

“வர்றேன்க்கா” என்றாள் உடனே. ஆறு வருடத்துக்கு மேல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “உலை கொதிக்குது, வடிச்சுட்டு வர்றேன்.”

டேம் உடையப் போகிறது, அவள் சோறு வடிக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கிப்போய் அவள் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். கேட் வரைக்கும் போகவும் செய்தேன், குடைகூட இல்லாமல். அந்த வளைவில் அவள் தலை தெரிகிற வரைக்கும் எத்தனை ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொன்னேன் என்று எண்ணவில்லை. சும்மா வந்தாளா? அண்டா நிறையச் சோறு. லயன் பெண்கள் இரண்டு பேர் இறங்கிப்போய்க் காது பிடித்துத் தூக்கிக்கொண்டு வர, இவள் பின்னால் ஒரு குண்டான் ரசம். வாசலில் வந்து நின்றாள். நான் இன்னொரு தடவை “உள்ள வா” என்று சொன்ன பிறகுதான் வலது காலை எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு, என் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை? இத்தாலியன் மார்பிளைப் பற்றி ஒரு வார்த்தை? “அத்தான் எங்கக்கா?” என்றாள். நான் கேட்பதற்கு முன்னால் அவள் கேட்கிறாள்! அவர் வழியிலேயே சங்குச் சத்தம் கேட்டுத் திரும்பி, கலிங்கில் நின்று மணல் மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். மதிவதனிதான் போய் அவரைத் தரதரவென்று மேலே கூட்டி வந்தாள்.

அப்புறம் என் வராந்தாவில், என் வாழை இலையில், எல்லாரும் அவள் சோற்றைச் சாப்பிட்டார்கள். ‘அடைக்கலம்மா ரசம், அடைக்கலம்மா ரசம்’ என்று ஒரே புகழ். நானும் ஒரு வாய் சாப்பிட்டேன். மிளகு தூக்கல்.

இரண்டு மணி இருக்கும். பெரிய சத்தமெல்லாம் இல்லை மேடம். ஈரச் சாக்கைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கரையின் நடுப்பாகம், சரியாக என் கெபி இருந்த இடம், அப்படியே உட்கார்ந்தது. கரை மேல் இருந்த சில்வர் ஓக் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அந்த வேர் பக்கமாகத்தான் தண்ணீர் வழி கண்டுபிடித்திருக்கிறது என்று மதிவதனி சொன்னாள். என் வீட்டுக்காரர் மூன்று வருடமாக வெட்டலாம் என்ற மரம். நான்தான் நடக்க நிழல் வேண்டும் என்றேன். லில்லி மட்டும் மண்ணோடு மண்ணாகப் பெயர்ந்து, நின்றபடியே போயிற்று. வெள்ளைப் பூவெல்லாம் தலையை நிமிர்த்திக்கொண்டு, ஊர்வலம் மாதிரி. மாதாவும் கூடவே போய்விட்டாள்.

லயனில் இரண்டு வீட்டுச் சுவர் விழுந்தது. மாட்டுக் கொட்டாய் மேடு இருந்த இடமே தெரியவில்லை. மதகைத் திறந்து மூன்று மணி நேரம் தண்ணீர் இறங்கியதால்தான் இத்தோடு போயிற்று என்றாள் அந்தப் பெண். ஒரு உயிர்ச்சேதம் இல்லை. பஞ்சவர்ணம் மறுநாள் காலையில் வழக்கம் போல வேலைக்கு வந்தாள். சக்கரத்தை அதே கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

இப்போது புரிகிறதா? தண்ணீர் வடிந்ததும் என் மண் முழுக்க அவள் முற்றத்தில். அந்த மண்ணில் என் கிழங்கு. தை பிறந்ததும் பூத்துவிட்டது. மாதா சுரூபத்தையும் அவள் கழுவித் துடைத்து அதே முற்றத்தில் வைத்திருக்கிறாள். ஒரு கை உடைந்திருக்கிறது. மாதாவே அங்கே போய் நின்றுகொண்டால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

இருங்கள், இன்னும் முடியவில்லை. நேற்று என்ன செய்தாள் தெரியுமா? சாயங்காலம் மேலே ஏறி வந்தாள். கையில் தட்டு! வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், நடுவில் ஒரே ஒரு லில்லி. “அக்கா, நாளைக்குத் தோட்டம் பார்க்க மேடம் வர்றாங்க. நீங்க வந்து பக்கத்துல நிக்கணும். பூ உங்க பூவு, மண்ணு உங்க மண்ணு. நான் சும்மா தண்ணி ஊத்துறவ” என்றாள். பார்த்தீர்களா கெட்டிக்காரத்தனத்தை! உரிமை கொண்டாட நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தூக்கிக் கொடுத்துவிட்டாள். இனிமேல் நான் எதை வைத்துச் சண்டை போடுவது? அதுவும் தட்டோடு. ஒரு குறை சொல்ல முடியாத அழைப்பு. எனக்குச் செய்யத் தெரியாமல் போனதை என் வாசலில் வந்து செய்து காட்டிவிட்டுப் போகிறாள்.

என்ன, கிளம்பலாமா? இருங்கள், நானும் வருகிறேன். ஒற்றையடிப் பாதை, புதுக் கரை போடுகிற இடத்தில் வழுக்கும். புதுக் கரை உயரம் குறைவு, மரம் கிடையாது, புல் மட்டும்தான், கலிங்கு இந்த வராந்தா அகலம். வரைபடத்தில் அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், நானும் போட்டிருக்கிறேன். யார் முதலில் என்று கேட்காதீர்கள்.

பஞ்சவர்ணம், என் செருப்பு! அந்தத் தட்டையும் எடுத்து வை. காலித் தட்டையா திருப்பிக் கொடுப்பது, அந்த பிளம் கேக்கை வை. முழுசாக வை.

மேடம், மதிப்பெண் போடுவதற்கு முன்னால் ஒன்று. இடது பக்கம், மூன்றாவது வரிசை, சுவர் ஓரத்திலிருந்து நாலாவது செடி. பூ நுனி பழுப்பு அடித்திருக்கிறது. தினமும் பைனாகுலரில் பார்க்கிறேன், எனக்குத் தெரியும். தண்ணீர் அதிகம் ஊற்றுகிறாள். அந்த ஒரு பூவை மட்டும் அவள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.